அம்புஜத்துக்கு வெளிச்சம் போட்ட கதை

என் கல்யாண வாழ்க்கை ஒரு பொய்யில்தான் ஆரம்பித்தது. பெரிய பொய் இல்லை. பெண் பார்க்க வந்த அன்று, மும்பை சுனாபட்டியில் எங்கள் வீட்டு சோபாவில் உட்கார்ந்து, கேசரியை ஸ்பூனால் ஓரம் தள்ளிக்கொண்டே, மாப்பிள்ளையின் அம்மா லலிதா அத்தை என்னிடம் கேட்டார்:

"ஜுவாலஜி படிச்சிருக்கியாமே? கடல் உயிரினம் எல்லாம் தெரியுமா?"

"அதுதான் அத்தை என் ஸ்பெஷலே" என்றேன்.

(மூன்று வருடப் படிப்பில் நான் நெருங்கிப் பழகிய ஒரே உயிரினம் கரப்பான் பூச்சி. அதுவும் செத்துப்போனது.)

அத்தையின் முகம் மலர்ந்தது. மாப்பிள்ளை கார்த்திக்கின் முகத்தில் ஒரு பரிதாபம் தெரிந்தது. அது ஏன் என்று கல்யாணம் முடிந்து மாட்டுங்கா வீட்டுக்குள் வலது காலை எடுத்து வைத்தபோது புரிந்தது. ஹாலில், டி.வி. இருக்க வேண்டிய இடத்தில், ஒரு கண்ணாடித் தொட்டி. ஐம்பது லிட்டர் உப்புத் தண்ணீர். உள்ளே ஒரு பாறை, பாறையில் பொத்தான் பொத்தானாகப் பவளங்கள், ஒரு ஜோடி கோமாளி மீன். நடுவில் ராணி மாதிரி ஒரு கடல் சாமந்தி. பெயர் அம்புஜம்.

பெயரைக் கேட்டுப் பூ என்று நினைத்துவிடக் கூடாது. அது பிராணி. விரல் விரலாக நூறு கைகள், நடுவில் ஒரு வாய். அந்தக் கைகளுக்குள் கோமாளி மீன்கள் இரண்டும் மெத்தையில் புரள்வது போலப் புரளும். பேங்க் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்ற அத்தை, முப்பது பேரை மேய்த்த கவனத்தை எல்லாம் இப்போது அந்தத் தொட்டிக்குள் கொட்டிக்கொண்டிருந்தார். கார்த்திக்கை அதன் பக்கத்தில் விடமாட்டார். அவன் ஒரு தடவை மீனுக்குப் பூந்தி போட்டுப் பார்த்திருக்கிறானாம்.

கல்யாணமாகி மூன்றாவது மாதம். கோயம்புத்தூரில் அத்தையின் தங்கைக்கு முழங்கால் ஆபரேஷன். பன்னிரண்டு நாள் அத்தை அங்கே போய் இருக்க வேண்டும். கிளம்புகிற அன்று என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு சொன்னார்: "உன்னை நம்பித்தான் போறேன் ரேவதி. படிச்ச பொண்ணு. இந்த வீட்டுல அம்புஜத்தைப் புரிஞ்சுக்கிறவ நீ ஒருத்திதான்."

நான் தலையை ஆட்டினேன்.

முதல் இரண்டு நாள் நன்றாகத்தான் போனது. வீட்டிலிருந்தே ஆபீஸ் வேலை பார்ப்பதாக மேனேஜரிடம் சொல்லியிருந்தேன். உண்மையில் லேப்டாப்பைத் தொட்டியின் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை அம்புஜம் உயிரோடு இருக்கிறாளா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். (அவள் மூச்சு விடுகிறாளா என்று எதை வைத்துப் பார்ப்பது? எந்த வகுப்பிலும் சொல்லித் தரவில்லை. சொல்லித் தந்த அன்று நான் கேன்டீனில் இருந்திருப்பேன்.)

மூன்றாம் நாள் காலை, என் கெட்ட நேரம், எனக்குப் பொறுப்புணர்ச்சி வந்தது. தொட்டியின் மேல் ஒரு சின்னக் கறுப்பு விளக்கு கிளிப் போட்டு நின்றது. அதில் வெள்ளையாக உப்பு பூத்திருந்தது. துடைத்து வைப்போமே என்று ஈரத் துணியை எடுத்தேன். ஒரு துடை, இரண்டு துடை. கிளிப் வழுக்கியது. விளக்கு தலைகுப்புறத் தண்ணீருக்குள் போய், 'டுப்' என்று ஒரு சத்தம். நான் அலறிக்கொண்டே பிளக்கைப் பிடுங்கினேன். மீன்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்கும் ஒன்றும் ஆகவில்லை. விளக்கு மட்டும் போய்ச் சேர்ந்துவிட்டது.

"அரே, லைட்டுதானே? வேற போட்டாப் போச்சு. டென்ஷன் மத் லே, கவலைப்படாதே" என்றான் கார்த்திக். தன் மேஜை விளக்கைக் கொண்டுவந்து தொட்டியின் மேல் வளைத்து வைத்தான். மஞ்சள் வெளிச்சம். தொட்டி பார்க்க ரசம் மாதிரி இருந்தது.

சரியாக ஐந்து மணிக்கு அத்தையின் வீடியோ கால். தினமும் ஐந்து மணிக்கு அம்புஜத்தைக் காட்ட வேண்டும் என்பது ஏற்பாடு.

"நெட் சரியில்ல அத்தை, மழை" என்றேன். ஜன்னலுக்கு வெளியே வெயில் கண்ணைப் பறித்தது.

"சரி, வீடியோ எடுத்து அனுப்பு."

இந்த இடத்தில்தான் என் மூளை மின்னல் வேகத்தில் வேலை செய்தது. (அது அப்படி வேலை செய்த தருணங்களை எல்லாம் சேர்த்தால் ஒரு குற்றப் பத்திரிகை தேறும்.) கார்த்திக்கின் போனில் அத்தை ஊருக்குப் போவதற்கு முன் எடுத்த வீடியோக்கள் நாலைந்து இருந்தன. அம்புஜம் பளபளவென்று விரிந்து ஆடும் வீடியோக்கள். ஒன்றை எடுத்து அனுப்பினேன். அத்தை ஒரு இதயம் அனுப்பினார். மறுநாள் இன்னொன்று. இன்னொரு இதயம்.

ஆனால் அசல் அம்புஜம் பளபளக்கவில்லை. மேஜை விளக்கு வந்த இரண்டாம் நாளே அவள் உடம்பை நீட்ட ஆரம்பித்தாள். கைகள் நூல் நூலாக மெலிந்தன. பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்க்கிறவள் மாதிரி மேலே மேலே எம்பினாள். பொத்தான் பவளங்கள் கடையைச் சாத்திக்கொண்டன. நான் போனில் தேடினேன். கடல் சாமந்தியின் உடம்புக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்கிறதாம். அந்தப் பாசிதான் வெளிச்சத்தைக் குடித்து அவளுக்குச் சாப்பாடு போடுகிறதாம். வெளிச்சம் இல்லையென்றால் பாசிக்குப் பட்டினி. பாசிக்குப் பட்டினி என்றால் அவளுக்கும் பட்டினி. ஆக நான் இரண்டு நாளாக மாமியாரின் செல்லத்தைப் பட்டினி போட்டுக்கொண்டிருக்கிறேன்.

அன்றைக்கே குர்லாவில் ஒரு மீன் கடைக்கு ஓடினேன். கடைக்காரர் இந்தியில் கேட்டார்: "பார் எவ்வளவு வேணும்?"

"நான் குடிக்க வரலை. லைட் வாங்க வந்தேன்" என்றேன்.

அவர் என்னை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, குழந்தைக்குச் சொல்வது போலச் சொன்னார். தண்ணீருக்குள் செடிக்கும் பாசிக்கும் உதவுகிற வெளிச்சம் எவ்வளவு எட்டுகிறது என்று அளக்கிற கணக்குக்குப் பெயர்தான் பார். வாட் எவ்வளவு என்பது முக்கியமில்லை. தொட்டி எவ்வளவு ஆழம், விளக்கு எவ்வளவு உயரம், நீலம் எவ்வளவு, என்ன பவளம், எல்லாம் பார்க்க வேண்டும். என் தொட்டியில் இருந்த அதே விளக்கு வர மூன்று வாரம் ஆகும். அவரிடம் இப்போது இருப்பது நல்ல தண்ணீர்ச் செடிகளுக்கான ரோஸ் நிற விளக்கு மட்டும்தான். அது ஆகாது.

மூன்று வாரம்! அத்தை வர இன்னும் ஒரு வாரம்தான் இருந்தது. ரயிலில் திரும்பி வரும்போது, சயானில் இறங்கி அப்படியே அம்மா வீட்டுக்குப் போய்விடலாமா என்று யோசித்தேன். அப்போதுதான் மைதீன் பாயின் ஞாபகம் வந்தது.

மைதீன் பாய் எங்கள் அப்பாவுக்கு வேண்டியவர். மேலப்பாளையத்துக்காரர். தாராவியில் விளக்குப் பட்டறை வைத்திருக்கிறார். கல்யாணம், திருவிழா, கணபதி என்று எங்கே அலங்கார விளக்கு வேண்டுமென்றாலும் அவர்தான். என் கல்யாணத்துக்கும் அவர்தான் வெளிச்சம் போட்டார். (ஆல்பத்தில் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு இருப்போம்.)

பட்டறையில் சால்டரிங் புகைக்கு நடுவே நின்று நான் எல்லாவற்றையும் கொட்டினேன். பாய் பொறுமையாகக் கேட்டார்.

"மீனுக்கு லைட்டா?"

"மீனுக்கு இல்ல பாய். கடல் சாமந்திக்கு."

"பூவுக்கா?"

"பூ இல்ல பாய். அது ஒரு பிராணி. மாமியாரோட பிராணி."

கடைசி வார்த்தையில் அவருக்கு விஷயத்தின் ஆழம் புரிந்துவிட்டது. "கவலைப்படாதம்மா. நாளைக்கே செஞ்சு தாரேன். நீலம் வேணும், வெள்ளை வேணும், அவ்ளோதானே? குறைச்சல் வைக்க மாட்டேன். நம்ம வீட்டுப் பிள்ளை கேட்டு நான் குறைச்சல் வைப்பேனா?"

அவர் குறைச்சல் வைக்கவில்லை. மறுநாள் அவர் கொடுத்தனுப்பிய விளக்கு ஒரு இட்லிப் பானை அகலம் இருந்தது. பொருத்தி, சுவிட்சைப் போட்டேன். ஹால் முழுக்க நீலம். சுவர் நீலம், கார்த்திக் நீலம், சாமி படங்கள் எல்லாம் கிருஷ்ணராகிவிட்டன. ஆனால் பவளங்கள்! பச்சையும் ஆரஞ்சுமாக ஜொலித்தன. என்ன அழகு! நான் குதித்தேன். பட்டினி கிடந்த அம்புஜத்துக்கு வயிறாரப் போடுவோம் என்று காலை எட்டு மணியிலிருந்து சாயங்காலம் வரை அணைக்கவே இல்லை. மூன்றாவது மாடி ஜன்னல் எரிவதைப் பார்த்துவிட்டு வாட்ச்மேன் மேலே வந்து, "மேடம், உங்க வீட்டுல கணபதி சீக்கிரமே வந்துட்டாரா?" என்று இந்தியில் கேட்டுவிட்டுப் போனார்.

அடுத்த நாள் காலை அம்புஜம் ஒரு எலுமிச்சம்பழம் அளவுக்குச் சுருங்கியிருந்தாள். அதற்கும் மறுநாள் நிறம் வெளுக்க ஆரம்பித்தது. பழுப்பும் பச்சையுமாக இருந்தவள் ஊறப்போட்ட ஜவ்வரிசி மாதிரி ஆகிக்கொண்டிருந்தாள். மறுபடி போனைத் தேடினேன். திடீரென்று பலத்த வெளிச்சம் பட்டால் உள்ளே இருக்கிற பாசியை அவளே துப்பிவிடுவாளாம். எந்தப் புது விளக்கையும் உயரத்தில் வைத்து, குறைச்சலாக ஆரம்பித்து, வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டுமாம். இதை விளக்கு போடுவதற்கு முன் படித்திருக்கலாம். ஆனால் நான் எந்தக் காலத்தில் பரீட்சைக்கு முன்னால் படித்தேன்?

விளக்கை அணைத்தேன். இருட்டைப் பார்த்ததும் பட்டினி ஞாபகம் வந்தது, போட்டேன். வெளுப்பைப் பார்த்ததும் பயம் வந்தது, அணைத்தேன். இப்படிப் போட்டு அணைத்துப் போட்டு அணைத்து, ஒரு மீட்டிங்கை முடித்துவிட்டு நான் திரும்பி வந்தபோது, பாறையில் அம்புஜம் இல்லை.

நடந்து போய்விட்டாள்.

கடல் சாமந்தி நடக்கும் என்பது எனக்குத் தெரியாது. இடம் பிடிக்கவில்லை என்றால் அடிப்பாதத்தை நகர்த்தி நகர்த்தி வேறு இடம் தேடுமாம். கோமாளி மீன்கள் இரண்டும் வீட்டைத் தொலைத்த குடித்தனக்காரர்கள் மாதிரி பாறையைச் சுற்றிச் சுற்றி வந்தன. நான் டார்ச் அடித்துத் தேடினேன். பின்பக்கக் கண்ணாடியில், இருட்டான மூலையில் ஒட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்கும் தண்ணீரை உறிஞ்சும் பம்புக்கும் நடுவே மூன்று விரல்கடை தூரம்தான்.

அந்தப் பம்புக்குள் அவள் கை ஒன்று போனால் போதும். மிக்ஸியில் போட்ட மாதிரிதான். அதோடு போகாது. அவள் செத்தால் தண்ணீரே விஷமாகி, மீன், பவளம் எல்லாம் போகும். பம்பை நிறுத்தினால் மீன்களுக்கு மூச்சு முட்டும். எனக்கு ஏற்கெனவே முட்டிவிட்டது. பாய்க்குப் போன் போட்டேன். அழுகையில் நான் என்ன சொன்னேன் என்று எனக்கே தெரியாது. "எங்க வீட்டுல ஒருத்தி சாகப்போறா பாய்" என்று சொன்னேனாம். மனிதர் பட்டறையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, அரை மணி நேரத்தில் டாக்ஸியில் வந்து இறங்கிவிட்டார். கையில் வெளிச்சத்தைக் குறைக்கிற ரெகுலேட்டரும் கொஞ்சம் பட்டர் பேப்பரும்.

தொட்டியை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார். அவர் தலை கவிழ்ந்தது.

"என் தப்பும்மா. கல்யாண மண்டபத்து வெளிச்சத்தை இந்தச் சீவன் தலையில போட்டுட்டேன். எவ்ளோ வேணும்னு நானும் கேக்கல."

"நானும் சொல்லல பாய். எனக்குத் தெரியல."

நான் அப்படி வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை.

பாய் மோவாயைத் தடவினார். "வெளிச்சத்துக்குப் பயந்துதானே நிழலைத் தேடிப் போயிருக்கா? அப்ப நிழலை நாம பாறை மேல போடுவோம். வெளிச்சத்தைக் கொறைச்சு இந்த மூலையில காட்டுவோம். தானா வீட்டுக்குத் திரும்பிருவா."

வேறு யோசனை யாரிடமும் இல்லை. ரெகுலேட்டரை மாட்டி, விளக்கைக் கால் பங்குக்குக் குறைத்து, பட்டர் பேப்பர் சுற்றி, பாய் ஸ்டூல் மேல் ஏறித் தூக்கிப் பிடித்து மூலையில் காட்டினார். ஆபீஸிலிருந்து ஓடி வந்த கார்த்திக், டையைக் கூடக் கழற்றாமல், பாறைக்கு மேலே கறுப்புக் குடையை விரித்துப் பிடித்தான். நான் முழங்கை வரை தண்ணீருக்குள் விட்டு, பம்புக்கும் அம்புஜத்துக்கும் நடுவே உள்ளங்கையைத் தடுப்பாக வைத்துக்கொண்டேன். அவள் கைகள் என் விரலில் பிசுபிசுவென்று ஒட்டின.

அரை மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. கார்த்திக்கின் கை வலித்துக் குடை ஆட ஆரம்பித்தது. பிறகு அவள் பாதம் ஒரு நூல் அளவு பாறைப் பக்கம் அசைந்தது.

"வாரா, வாரா!" என்றார் பாய். "ஏட்டி, பயப்படாதட்டி. இன்னும் கொஞ்சந்தான்."

"பாய், என்னால முடியல" என்று நான் அழுதேன்.

"முடியும்மா. மூச்சை நல்லா இழுத்து விடு. கார்த்திக் தம்பி, தைரியமா இருங்க. ஆ, பாதி வந்துட்டு!"

"கம் ஆன், கம் ஆன்!" என்று கத்தினான் கார்த்திக்.

அப்போதுதான் வாசல் கதவு திறந்தது. கையில் பெட்டியோடு லலிதா அத்தை நின்றார். வருவதாகச் சொல்லியிருந்ததற்கு இரண்டு நாள் முன்னதாக.

ஸ்டூல் மேல் பாய், குடைக்குக் கீழே தொட்டி, தொட்டிக்குள் நான். எல்லோரும் அப்படியே உறைந்து நின்றோம். அத்தை எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். பெட்டியைக் கீழே வைத்தார். மிக நிதானமாகக் கேட்டார்:

"யாருக்குப் பிரசவம்?"

அத்தை கையைக் கழுவிக்கொண்டு வந்து தொட்டியைக் குனிந்து பார்த்தார். சமையலறைக்குப் போய்ப் புது ஸ்பாஞ்சில் ஒரு துண்டு நறுக்கி வந்து பம்பின் வாயில் செருகினார். "கையை எடு. இனிமே ஒண்ணும் ஆகாது" என்றார். அவ்வளவுதான். நான் நாற்பது நிமிடம் தண்ணீருக்குள் கை வைத்துக் காத்ததை ஒரு ஸ்பாஞ்சுத் துண்டு செய்துவிட்டது.

நான் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். துடைத்தது, விழுந்தது, மேஜை விளக்கு, கரப்பான் பூச்சி வரைக்கும். அத்தை குறுக்கிடாமல் கேட்டார்.

"என்னமோ ஆயிடுச்சுன்னு எனக்குத் தெரியும். முதல் வீடியோவிலேயே தெரியும்."

"எப்படி அத்தை? அதுல அம்புஜம் நல்லாத்தானே இருந்தா?"

"அம்புஜம் நல்லாத்தான் இருந்தா. அவளுக்குப் பின்னால தொட்டிக் கண்ணாடியில பச்சைப் புடவையில நான் நிக்கிறேன். கோயம்புத்தூர்ல இருந்துக்கிட்டு மாட்டுங்கா கண்ணாடியில நான் எப்படித் தெரிவேன்?"

எனக்குப் பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது. "அப்புறம் ஏன் அத்தை இதயம் அனுப்பினீங்க?"

"நீயா ஒரு போன் பண்ணி தெரியலன்னு சொல்லுவேன்னு பார்த்தேன். நாலு இதயம் அனுப்பினேன், சொல்லலை. டிக்கெட்டை மாத்திட்டுக் கிளம்பிட்டேன்." பிறகு பாயைப் பார்த்துத் தாழ்ந்த குரலில் சொன்னார்: "முதல் வருஷம் நானும் ரெண்டைக் கொன்னிருக்கேன். ஒண்ணு இருட்டுல, ஒண்ணு வெளிச்சத்துல. கார்த்திக்குக்குக் கூடத் தெரியாது. புதுசு வாங்கி, அதே பேரை வச்சுட்டேன்."

"அம்மா!" என்றான் கார்த்திக். அவன் கையில் இன்னும் குடை விரிந்தே இருந்தது.

பாயும் அத்தையும் உட்கார்ந்து விளக்கைச் சரிசெய்தார்கள். தண்ணீருக்கு மேல் இரண்டு முழம் தூக்கிக் கட்டினார்கள். நீலம் அதிகம், வெள்ளை கொஞ்சம், ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம். வாரத்துக்கு ஒரு கோடு மட்டும் கூட்டுவது என்று ரெகுலேட்டரில் பேனாவால் கோடு போட்டார் அத்தை. பாய் வடை சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினார்.

அம்புஜம் பாறைக்குத் திரும்பினாள். ஆனால் நாலு நாளாக ஒரு மாதிரி இருந்தாள். நடுவில் இழுபட்டு, வாய் நீண்டு, இரண்டு பக்கமும் தனித்தனியாகப் போகப் பார்ப்பவள் போல. செத்துக்கொண்டிருக்கிறாள் என்றே நினைத்தேன். அத்தையிடம் கேட்கப் பயந்து, காபி குடிக்காமல், அத்தைக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்ப்பேன். ஐந்தாம் நாள் காலை அத்தை என்னை எழுப்பிக் கூட்டிப் போய்க் காட்டினார்.

பாறையில் இரண்டு கடல் சாமந்திகள். ஒன்று போல இரண்டு, ஒன்று மட்டும் கொஞ்சம் சின்னதாக. அதிர்ச்சி தாங்காவிட்டால் இந்த வகை தன்னைத்தானே இரண்டாகப் பிளந்துகொள்ளுமாம். இரண்டிலும் லேசாகப் பழுப்பு திரும்பியிருந்தது. கோமாளி மீன்கள் எந்த வீட்டுக்குப் போவது என்று தெரியாமல் அலைந்துகொண்டிருந்தன.

"பெரியவ என்னோடவ. சின்னவ உன்னோடவ" என்றார் அத்தை. "பேரு நீயே வை."

அன்றைக்கே பாய்க்குப் போன் போட்டுச் சொன்னேன். சாயங்காலமே ஒரு டப்பா பால்கோவாவோடு பார்க்க வந்துவிட்டார்.

இது நடந்து ஆறு வருடமாகிறது. இன்றைக்கும் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும், சாப்பாட்டுப் பந்தியில் யாராவது புது ஆளாகப் பார்த்து அத்தை உட்கார்ந்துகொள்வார். சாம்பார் வருகிற வரைக்கும் ஊர், உறவு எல்லாம் விசாரிப்பார். பிறகு என்னைக் காட்டி, குரலைத் தாழ்த்தி, "எங்க மருமகளுக்குக் கல்யாணமாகி மூணே மாசத்துல குழந்தை" என்பார். அந்த அம்மாளின் கை இலைக்கும் வாய்க்கும் நடுவே நின்றுவிடும். கண் மெல்ல என் பக்கம் திரும்பும். அத்தை அப்பளத்தை நொறுக்கிக்கொண்டு, அவசரமே படாமல், அடுத்த வரியைச் சொல்வார்:

"பிரசவம் பார்த்தது லைட்டுக் கடை பாய்."